உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்

பொழுதுபோக்கு மையத்தில் ஒரே வாரத்தில் மூன்று பைகள் காணாமல் போயின. இரண்டு, நீச்சல் குளத்தின் உடை மாற்றும் அறையிலிருந்து. ஒன்று, இறகுப்பந்து ஆடும் கூடத்தில் பெஞ்சுக்கு அடியிலிருந்து. மூன்றாவது பைக்குச் சொந்தக்காரர் மேனேஜரின் அறைக்குள் வந்து போட்ட சத்தத்தில், கேரம் அறையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் காய்களை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாளே கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாய் வளர்க்கலாம் என்றார் ஒருவர். கேமரா வைக்கலாம் என்றார் இன்னொருவர். கேமராவுக்கு மேலிடத்து அனுமதி வர ஆறு மாதம் ஆகும் என்று மேனேஜர் கையை விரித்தார். அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த சாவியக்கா வாயைத் திறந்தாள்.

"யார் உள்ளே வர்றா, யார் வெளியே போறான்னே நமக்குத் தெரியலையே சார். முதல்ல அதை எழுதுவோம்."

முன்வாசல் மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். மையத்தின் முப்பத்திரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் அவள் இடுப்பில்தான் தொங்கும். அதனால் அந்தப் பெயர். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்கே பெரிய அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாள். பெயர், முகவரி, போன் நம்பர், எந்தப் பகுதிக்கு, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. வேலை செய்கிறவர்களும் எழுத வேண்டும் என்று சொல்லி, முதல் வரியில் தன் விவரத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாசலுக்கு ஒரு காவலாளும் வந்து சேர்ந்தார். இருபது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். விசில் இன்னும் கழுத்தில் தொங்கியதால் அவருக்கு விசில் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பைகள் காணாமல் போவது நின்றது. எழுதிவிட்டு உள்ளே போகச் சொன்னதும், எழுத விரும்பாத இரண்டு பேர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அவர்கள்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மேனேஜர் அடுத்த கூட்டத்தில் சாவியக்காவை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இனிமே நானும் வீட்டுக்குள்ள வர்றப்ப கையெழுத்துப் போடணுமா?" என்றார்.

"போட்டா நல்லதுதான். எத்தனை மணிக்கு வர்றீங்கன்னாவது தெரியும்."

அந்த நோட்டில் எழுதத் தயங்கியவர்களில் இன்னொருத்தியும் இருந்தாள். கடைத்தெரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் எட்டு வயது மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டி வருவாள். நான்கு மணிக்கு விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவாள். ஐந்தரைக்கு வந்து கூட்டிப் போவாள். குழந்தை தண்ணீரை விட்டு வெளியே வரவே வராது என்பதால் கோச் அவளுக்கு மீன்குட்டி என்று பெயர் வைத்திருந்தாள்.

நோட்டு வந்த முதல் நாள் மருந்துக்கடைக்காரி பெயரை எழுதினாள். முகவரி இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

"முகவரி விட்டுப்போச்சும்மா," என்றாள் சாவியக்கா.

"போன் நம்பர் இருக்கே. போதாதாக்கா?"

"போதாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"எழுதித்தான் ஆகணுமா?"

"குழந்தைக்கு ஒண்ணுன்னா நாங்க எங்க வந்து சொல்றது? நீங்களே சொல்லுங்க."

பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். மருந்துக்கடைக்காரி குனிந்து கதவு எண்ணை மட்டும் எழுதினாள். சாவியக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரு?" என்றாள். அவள் தெருவையும் எழுதினாள். எழுதும்போது, பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்துவிடாமல் மறைப்பது போல இடது கையை வளைத்து வைத்துக்கொண்டாள். சாவியக்கா அதைக் கவனித்தாள். அப்படி என்ன பரம ரகசியம் என்று நினைத்தாள். அதோடு மறந்துவிட்டாள்.

ஒரு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்கு ஒரு ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி போல நின்றது. உறுப்பினராகச் சேர யோசிப்பதாகவும், அதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சாவியக்கா நோட்டை நகர்த்தினாள். மற்றவர்களைப் போல அவர் முகம் சுளிக்கவில்லை.

"நல்ல ஏற்பாடு. இந்தக் காலத்துல யாரு இவ்வளவு அக்கறையாச் செய்யறாங்க? யாரோட யோசனை?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அதானே பார்த்தேன். மத்தவங்க எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்த்துட்டு எழுதட்டுமா? தப்பா எழுதிடக் கூடாது."

முந்தின பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு உருண்டை உருண்டையான எழுத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்கு அடியில் இரண்டு கோடு இழுத்தார். நீச்சல் குளத்துக்குப் போய், பெற்றோர் உட்காரும் படிக்கட்டு வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஐந்தேகாலுக்கு வந்து வெளியே போன நேரத்தையும் மறக்காமல் எழுதிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வந்தார். சனிக்கிழமையும் வந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை, தன் தங்கை மகன் வேலை பார்க்கும் இடத்தில் இதே மாதிரி ஒரு நோட்டு வைக்கப்போகிறார்கள், மாதிரிக்கு ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் திறந்த பக்கம் பாதி காலியாக இருந்தது. சாவியக்காவே முழுசாக நிரம்பிய பக்கமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அடுத்ததையும், அதற்கடுத்ததையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் எழுந்திருக்கும்போது முகம் சுருங்குவதைப் பார்த்து, முட்டி வலிக்கு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று விசாரித்த ஒரே ஆள் அவர்தான். விசிலுக்கு மட்டும் அவரைக் கண்டால் ஆகவில்லை.

"இருபது வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான். ஏறுறவன் முகத்தைப் பார்த்தே எந்த ஸ்டாப்புல இறங்குவான்னு சொல்லிடுவேன். இந்த ஆள் எங்கயும் இறங்குற மாதிரித் தெரியலை."

"உங்களுக்கு எல்லாரும் டிக்கெட் எடுக்காம ஏறினவங்களாத்தான் தெரியும்," என்று சாவியக்கா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. மழை பிடித்துக்கொண்டது. இஸ்திரிச் சட்டைக்காரர் வழக்கம் போல நாலேகாலுக்கு வந்து, குடையை வாசலிலேயே உதறி வைத்துவிட்டு, எழுதிவிட்டு உள்ளே போனார். மருந்துக்கடைக்காரி அன்றைக்கு நேரமாகி, நாலரைக்குத்தான் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். மீன்குட்டி அம்மாவின் கையை உதறிவிட்டுக் குளத்துப் பக்கம் ஓடிவிட்டாள். அம்மா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு குனிந்து பேனாவை எடுத்தாள்.

பேனா தாளில் படவில்லை.

"எழுதலையா? வேற பேனா தரட்டுமா?" என்றாள் சாவியக்கா.

மருந்துக்கடைக்காரியின் விரல் மேல் வரியில் இருந்தது.

"இது யாருக்கா?"

"அவரா? புதுசாச் சேரப் போறவர். தங்கமான மனுஷர். ஏன், தெரிஞ்சவரா?"

"பேரு வேற. கையெழுத்து அவரோடது." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "அடியில ரெண்டு கோடு. விவாகரத்துப் பத்திரத்துலயும் இப்படித்தான் போட்டாரு. எங்க பக்கத்துல வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவே இருக்கு. மூணு ஊரு மாறிட்டேன்க்கா நான்."

சாவியக்காவின் கண் தானாக அந்த வரியில் ஓடியது. உள்ளே வந்த நேரம், நாலேகால். அடுத்த கட்டம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தார்கள். குழந்தை ஓடின ஈரக் காலடித் தடம் நடைபாதையில் இன்னும் காயவில்லை.

மருந்துக்கடைக்காரி ஓடத் திரும்பினாள். சாவியக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போகாதீங்க. உங்களைப் பார்த்தா என்ன பண்ணுவாரோ தெரியாது. நான் போறேன். நான் போனா சந்தேகம் வராது."

மேசைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் அவளைத் தள்ளி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மேனேஜர் அறைக் கதவைத் திறந்து, "போலீசுக்கு போன் பண்ணுங்க. என்னன்னு அப்புறம் சொல்றேன்," என்றாள். விசில் நின்ற கேட்டுக்குப் போய், தன் வளையத்துச் சாவியாலேயே அதைப் பூட்டினாள். அவர் கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

குளத்துக்குப் போகிற நடைபாதை நாற்பது அடிதான் இருக்கும். அன்றைக்கு அது முடிகிற வழியாக இல்லை. சாவிகள் குலுங்கிச் சத்தம் போட்டன. அவள் எல்லாவற்றையும் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குளோரின் வாடை மூக்கில் ஏறியது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். நீச்சல் உடையில் மீன்குட்டி அவர் முழங்காலுக்கு நடுவே நின்றிருந்தாள். நீச்சல் கண்ணாடியின் பட்டையை அவள் தலைக்குப் பின்னால் அவர் சரி செய்துகொண்டிருந்தார். குழந்தை சிரித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"சொல்லலைப்பா. அம்மாகிட்டகூடச் சொல்லலை."

"சமத்து. சனிக்கிழமை நாம போகப்போறது தெரிஞ்சா அம்மா அழுவா. போய்ச் சேர்ந்ததும் நாமே போன் பண்ணிச் சொல்லிக்கலாம்."

இரண்டு வாரமாக இந்தப் படியில் இதுதான் நடந்திருக்கிறது. குளத்தில் பதினாலு பிள்ளைகளின் கூச்சல். அதற்கு நடுவே, மற்ற பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தந்த அனுமதியோடு. அவள் தினமும் பேசுகிற அதே மேசைக் குரலை எப்படியோ வரவழைத்துக்கொண்டாள்.

"மீன்குட்டி, பட்டியல்ல உன் பேரு விட்டுப்போச்சாம். கோச் கூப்பிடறாங்க, ஓடு."

குழந்தை ஓடினாள். சாவியக்கா பின்னாலேயே போய், "கோச், தண்ணில குளோரின் கூடிப்போச்சு. எல்லாப் பிள்ளைங்களையும் உடை மாத்துற ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்துங்க. என் குரல் கேட்கற வரைக்கும் திறக்காதீங்க," என்றாள்.

கோச் வாயைத் திறந்தாள். சாவியக்காவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே சொட்டச் சொட்ட உள்ளே போனார்கள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் சாவியக்கா திரும்பினாள்.

"குளோரின் கூடினா கண்ணு எரியுமே," என்றார் அவர். எழுந்திருக்கவில்லை. "எனக்கு எரியலை. உங்களுக்கு எரியுதா?"

"குளத்தை மூடறோம். வாங்க, நேரம் எழுதிட்டுக் கிளம்புங்க."

"ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டிருக்கீங்க."

"நான் எந்தக் கதையும் கேட்கலை."

அவர் எழுந்து, சட்டையை நீவி விட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்து வந்தார். நாற்பது அடியும் அவருடைய செருப்புச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரே அளவாக வந்துகொண்டிருந்தது.

மேசையில் நோட்டு திறந்தே இருந்தது. தன் வரிக்குக் கீழே யாரும் எழுதவில்லை என்பதையும், பேனா மூடி கழற்றியபடி கிடப்பதையும் அவர் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்து, நாலே முக்கால் என்று எழுதினார்.

"கேட்டைத் திறக்கச் சொல்லுங்க."

"சாவி என்கிட்டதான் இருக்கு. எதுன்னு பார்க்கறேன்."

கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே எது எந்தப் பூட்டுக்கு என்று சொல்கிறவள் அவள். முதல் சாவியை நுழைத்தாள். பொருந்தவில்லை. இரண்டாவதை நுழைத்தாள். மழைச்சாரல் தோளை நனைத்தது. பக்கத்தில் விசில் கல் மாதிரி நின்றார். ஐந்தாவது சாவி பொருந்தாதபோது இஸ்திரிச் சட்டைக்காரர் புரிந்துகொண்டார். கேட்டை விட்டு நகர்ந்து போய், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார். அவர் பார்வை மேசைக்குப் பின்னால் இருந்த பலகைக் கதவுக்குப் போனது.

"அவ உள்ளதான் இருக்கா," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "நான் கோபப்படலை. சொல்லுங்க அவகிட்ட. நான் எப்பவும் கோபப்பட்டதே இல்லை."

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

சாவியக்கா எட்டாவது சாவியை எடுத்தாள்.

"உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் அவர். "தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு, ரெண்டாவது மாடி. மெயின் ரோட்டுல இருந்து பார்த்தாலே உங்க பால்கனி தெரியுது. வீட்டுக்காரருக்குப் படி ஏற முடியுதா?"

சாவி அவள் கையிலிருந்து நழுவியது. வளையம் இருந்ததால் கீழே விழவில்லை. நோட்டின் முதல் வரியில் தானே எழுதியது அவளுக்கு நினைவு வந்தது. இந்த நேரத்தில் புருஷன் வீட்டில் தனியாகத்தான் இருப்பார். காற்றுக்குக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, நாற்காலியில் அயர்ந்திருப்பார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதாவது சாவியை நுழைத்தாள்.

போலீஸ் ஜீப் வந்து நிற்கும்போது அவள் பத்தொன்பதாவது சாவியில் இருந்தாள். ஜீப்பின் விளக்கைப் பார்த்ததும், சரியான சாவியை ஒரே எடுப்பில் எடுத்துத் திறந்தாள்.

அவர் தகராறு பண்ணவில்லை. போலீஸ்காரரிடம் மரியாதையாகப் பேசினார். குடையை எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். ஜீப்பில் ஏறும்போது சாவியக்காவுக்கு ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

சாவியக்கா குரல் கொடுத்ததும் மருந்துக்கடைக்காரி சாமான் அறைத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, அங்கேயே தரையில் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டாள். கோச் மீன்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மடியில் விட்டாள். குழந்தை அப்பா எங்கே என்று கேட்டாள்.

"நான்தாம்மா உங்களை எழுத வச்சேன்," என்றாள் சாவியக்கா.

"நான் எழுதியிருக்கக் கூடாது," என்றாள் அவள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சாவியக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவர்கள் அன்றைக்குப் பின்வாசல் வழியாகப் போனார்கள். சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. சாவியக்கா மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டாள். வேலையை விட்டுவிட்டாள், எங்கே போனாள் என்று சொல்லவில்லை என்றார் முதலாளி. இஸ்திரிச் சட்டைக்காரரை மூன்று நாளில் எச்சரித்து வெளியே விட்டுவிட்டார்கள் என்ற சேதியும் வந்தது.

நோட்டை மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும் என்று மேனேஜர் விதியைக் காட்டினார். "விதியை நீங்க வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு, சாவியக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் முகவரியும் போன் நம்பரும் இருந்த பகுதியைக் கத்தரித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாகப் பிசைந்தாள். அதற்குப் பிறகு எண் போட்ட அட்டைகள் வந்தன. முகவரிகள் பூட்டிய இழுப்பறைக்குள் போயின. போட்டோ கொடுத்து வைத்த ஆளைத் தவிர வேறு யாரும் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரக்கூடாது, கூட்டிப் போகவும் கூடாது என்றானது. சிலர் முணுமுணுத்தார்கள். சாவியக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக் கதவில் அவள் புருஷன் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டார். கதவில் ஒரு ஓட்டை துளைத்துக் கண்ணாடி வைத்தார். அவள் பால்கனியில் துணி காயப்போடுவதை நிறுத்தினாள். வேலைக்குப் போக ஒரு தெரு, வர ஒரு தெரு என்று மாற்றிக்கொண்டாள். இஸ்திரி போட்ட சட்டையோடு யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்க்கும் வரை மூச்சு நின்றது. ஒரு நாளும் அது அவராக இருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அன்றைக்கு ஜீப்பில் வந்த போலீஸ்காரர் இறகுப்பந்து ஆடச் சேர வந்தார். அட்டையை வாங்கிக்கொண்டு நின்றவர், போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்.

"அந்த ஆளு வீட்டைக் காலி பண்ணிட்டாரு. நீங்க இனிமே நிம்மதியா இருக்கலாம்."

"எங்க போனாரு?"

"தெரியலை. போன வாரம் ராத்திரியோட ராத்திரியா சாமானெல்லாம் ஏத்திட்டுப் போயிட்டாருன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. யாரோ இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டுப் போனாராம்."

சாவியக்கா இழுப்பறையைத் திறந்து, மீன்குட்டி சேர்ந்தபோது கொடுத்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். அதிலிருந்த எண்ணை அழுத்தினாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது போன். இன்னொரு தடவை அழுத்தினாள். கோச்சிடம் கேட்டாள். மருந்துக்கடை முதலாளிக்குப் போன் போட்டாள். அவர்கள் இருக்கிற ஊர் யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுதான் நல்லது என்று இரண்டு மாதமாக அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

மணி நான்காகிவிட்டது. பிள்ளைகள் அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவள் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து உள்ளே அனுப்பினாள்.